சோதனைக் குழாயில் 95, பெரிய கலத்தில் 82: வாயு எங்கே நழுவுகிறது?

தேன்கூடு எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே சிக்கலைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காற்றில் கலந்து வரும் கரைப்பான் ஆவியை வினையூக்கியின் மேல் எரித்து நீக்கும் ரியாக்டர் இது. வினையூக்கி 3 மில்லிமீட்டர் உருண்டைகள். ஆய்வகத்தில் 25 மில்லிமீட்டர் குழாயில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, வெளியே மின்சூளை வைத்து 300 டிகிரியில் ஓட்டினோம். காலிக் குழாயாக வைத்துக் கணக்கிட்டால் வாயுவின் வேகம் வினாடிக்கு 0.25 மீட்டர். ஆவியில் 95 சதவீதம் எரிந்தது. பலமுறை ஓட்டியும் இதே எண்தான்.

பெரிய கலத்தின் விட்டம் 1.2 மீட்டர், வினையூக்கி நிரம்பிய படுகையின் உயரம் 30 சென்டிமீட்டர், வேகம் 0.5 மீட்டர். உயரமும் இரண்டு மடங்கு, வேகமும் இரண்டு மடங்கு என்பதால் வாயு படுகையில் தங்கும் நேரம் மாறவில்லை, காலிக் கலக் கணக்கில் 0.6 வினாடி. வாயு மேலிருந்து கீழே போகிறது. உள்ளே வரும் வாயு அதே 300 டிகிரிதான். ஆனால் இப்போது 82 சதவீதம்தான் எரிகிறது.

வினையூக்கி கெட்டுவிட்டது, இன்னும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக நிரப்பலாம் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். அது சரியா? இல்லை, கலத்தின் வடிவமைப்பிலேயே தவறா?

---

நுண்துளை எழுதியது:

முதலில் அதே தொகுதியிலிருந்து ஒரு கைப்பிடி வினையூக்கியை எடுத்து உங்கள் சிறு குழாயில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆய்வகத்துக்கு வந்த மாதிரியும் மூட்டையில் வந்த சரக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதை விலக்கிவிட்டால் மற்றதைப் பேசலாம்.

---

தேன்கூடு எழுதியது:

அதைச் செய்துவிட்டோம். கலத்துக்குள் போட்ட அதே மூட்டைகளில் மீந்ததை ஓட்டினோம், 94.5 வந்தது.

---

மூத்தபடுகை எழுதியது:

தம்பி, நீங்கள் கொடுத்த எண்களை வரிசையாகப் பாருங்கள். பெரிய கலம் சிறு குழாயைவிட நன்றாக ஓட மூன்று காரணங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் குறைவாக ஓடுகிறது. துப்பு அங்கேதான்.

ஒன்று, வேகம் இரண்டு மடங்கு. உருண்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் வாயுப் படலம் மெலியும், ஆவி மேற்பரப்பை அடைவது எளிதாகும். இரண்டு, சிறு குழாயில் வினையின் சூடு சூளைச் சுவருக்குப் போய்விடும். பெரிய கலத்தில் சூடு போக இடமில்லை, படுகை கீழே போகப் போக வெப்பம் ஏறும், வினை வேகமெடுக்கும். மூன்று, 25 மில்லிமீட்டர் குழாயில் 3 மில்லிமீட்டர் உருண்டை என்றால் குழாய் விட்டம் உருண்டையைப் போல 8 மடங்குதான். உருண்டைகள் சுவரை ஒட்டி நெருக்கமாக அடங்க முடியாது, அங்கே சந்து அதிகம், வாயு சுவரோரமாக நழுவும். 10 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய அனுபவக் கணக்கு. உங்கள் 95, அந்த நழுவலையும் மீறி வந்தது. பெரிய கலத்தில் அது 400 மடங்கு, சுவரின் பங்கு ஒன்றுமே இல்லை.

ஆக, வேதியியல் பக்கம் குற்றமில்லை. வாயுவின் ஒரு பகுதி வினையூக்கியைச் சரியாகச் சந்திக்காமலே வெளியேறுகிறது.

மூன்று விவரம் தாருங்கள். முதல் நாளிலிருந்தே 82தானா, இல்லை மெல்ல இறங்கியதா? படுகையின் மேலும் கீழும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு, அது காலப்போக்கில் மாறியதா? வாயு உள்ளே வரும் நாசில் என்ன அளவு, அதற்கும் படுகைக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மூத்தபடுகை ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன்.

வினை வேகம் ஆவியின் செறிவுக்கு நேர்விகிதம் என்று வைத்துக்கொள்வோம், இவ்வளவு குறைந்த செறிவில் அது பெரும்பாலும் சரிதான். 95 சதவீதம் என்றால் வினை வேக மாறிலியையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் 3 வரும். இப்போது வாயுவில் 15 சதவீதம் மட்டும் படுகையைத் தொடாமல் ஏதோ ஒரு சந்து வழியாகப் போகிறது என்று வையுங்கள். மீதி 85 சதவீதத்துக்கு நேரம் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அது 97 சதவீதம் எரியும். மொத்தம்? 82.5.

அப்படி நழுவும்போது வினையூக்கியை இரண்டு மடங்காக்கினாலும் 85ஐத் தாண்டவே முடியாது. நழுவும் 15 சதவீதத்துக்கு எவ்வளவு வினையூக்கி போட்டாலும் தெரியப்போவதில்லை. அதனால் கூடுதலாக நிரப்பும் யோசனையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

---

தேன்கூடு எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டபின் பதிவேட்டைத் திரும்பப் புரட்டினேன். முதல் நாள் 91 இருந்தது. பத்து நாளில் 82க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. அழுத்த வித்தியாசம் முதல் நாள் 660 பாஸ்கல், இப்போது 520. காற்றின் அளவு மாறவில்லை. நாசில் 150 மில்லிமீட்டர், கலத்தின் தலையில் நடுவில். அதற்குக் கீழே சுமார் 40 சென்டிமீட்டர் வெற்றிடம், அப்புறம் நேராக வினையூக்கிதான்.

மாற்றம், அதாவது எரியும் சதவீதம், இறங்கியதால்தான் வினையூக்கி கெட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

---

மூத்தபடுகை எழுதியது:

வினையூக்கி நஞ்சேறிக் கெட்டால் மாற்றம் இறங்கும், அழுத்த வித்தியாசம் இறங்காது. தூசி அடைத்தால் அழுத்தம் ஏறும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் படுகைக்குள் வாயுவுக்கு ஒரு சுலபமான வழி திறந்துவிட்டது என்று பொருள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கைகொடுக்கும்.

படுகை வாயுவை எவ்வளவு தடுக்கும் என்று கணக்கிட 1952இல் சப்ரி எர்குன் கொடுத்த சமன்பாட்டில் உங்கள் எண்களைப் போட்டேன். 300 டிகிரிக் காற்று, 3 மில்லிமீட்டர் உருண்டை, இடைவெளி விகிதம் (உருண்டைகளுக்கு நடுவே காலியாக உள்ள இடத்தின் பங்கு) 0.40, வேகம் 0.5. மீட்டருக்குச் சுமார் 2,230 பாஸ்கல், 30 சென்டிமீட்டருக்கு 670. உங்கள் முதல் நாள் எண்ணோடு ஒத்துப்போகிறது. ஆக, நிரப்பியது பெரிய பழுதில்லை.

இனி நாசிலைப் பாருங்கள். வினாடிக்கு 0.565 கன மீட்டர் வாயு 150 மில்லிமீட்டர் துளை வழியாக வந்தால் வேகம் 32 மீட்டர். அந்தத் தாரை 40 சென்டிமீட்டருக்குள் பெரிதாக விரியாது. அது படுகையில் மோதும்போது கிட்டத்தட்ட 315 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாகத் தரும். படுகை மொத்தமே 670 தான் தடுக்கிறது! நடுவில் மட்டும் பாதி அளவு கூடுதல் உந்துதல். முதல் நாளே 95க்குப் பதில் 91 வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதோடு முடியவில்லை. அந்த அளவு உருண்டை ஒன்றை இந்தச் சூட்டில் காற்று தூக்கிச் செல்ல வினாடிக்கு 12, 13 மீட்டர் போதும். 32 மீட்டர் தாரை நடுவிலுள்ள உருண்டைகளை அள்ளி ஓரமாகக் குவித்திருக்கும். படுகையின் நடுவில் குழி விழுந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

---

சல்லடை எழுதியது:

கலத்தைத் திறக்கும் முன் ஓடும்போதே இதை உறுதி செய்யலாம். படுகைக்கு அடியில் நடுவிலிருந்து சுவர் வரை நான்கைந்து இடத்தில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வையுங்கள். சூடு வெளியே போகாத கலத்தில் வெப்ப ஏற்றம்தான் மாற்றத்தின் வரைபடம். எல்லாம் எரிந்தால் எத்தனை டிகிரி ஏறும் என்பது தெரிந்தால், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை சதவீதம் எரிந்தது என்று நேராகப் படித்துவிடலாம்.

வாயு ஒவ்வொரு பகுதியும் கலத்துக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைச் சுவடுவாயு செலுத்திக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. பீட்டர் டாங்க்வெர்ட்ஸ் 1953இல் அதற்கு ஒழுங்கான அடித்தளம் போட்டார். ஆனால் இங்கே உருண்டைகளுக்கு இடையில் வாயு இருப்பது கால் வினாடி. அவ்வளவு வேகமாகப் படிக்கும் கருவி எல்லோரிடமும் இருக்காது. திரவம் ஓடும் படுகைக்கு அது அருமையான முறை, உங்களுக்குத் தெர்மோகப்பிள்தான் எளிது.

---

ஆவிக்குமிழ் எழுதியது:

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். குழி, சந்து, சமமில்லாத ஓட்டம் எல்லாமே நிலையான படுகையின் தொல்லைகள்தானே? அடியிலிருந்து வாயுவைச் செலுத்தி வினையூக்கியை மிதக்கவிடும் ஃப்ளூயிடைஸ்டு பெட் ஆக மாற்றிவிட்டால், உருண்டைகள் கொதிக்கும் நீர் போலப் புரண்டுகொண்டே இருக்கும், வெப்பம் எங்கும் ஒரே சீராக இருக்கும். பெட்ரோலியத் துறை முழுக்க அதில்தானே ஓடுகிறது?

---

மூத்தபடுகை எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ரியாக்டர் வகையைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடந்தன.

பெட்ரோலியத் துறை ஏன் அங்கே போனது என்று பாருங்கள். கன எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும் முறையை 1930களில் யூஜின் ஹூட்ரி நிலையான படுகையில்தான் தொடங்கினார். அந்த வினையில் வினையூக்கியின் மேல் கரி படிந்து மிக விரைவில் செயலிழந்துவிடும். அதனால் ஒரு கலத்தில் வினை நடக்கும்போது இன்னொரு கலத்தில் கரியை எரிக்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை வால்வுகளைத் திருப்ப வேண்டும். திடப்பொருளே திரவம் போல ஓடினால் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் வழியாகவே அனுப்பி, கரியை எரித்துத் திரும்பக் கொண்டுவரலாம் அல்லவா? அப்படித்தான் 1942 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜில் முதல் வணிக ஆலை ஓடத் தொடங்கியது. கரி எரிந்த சூடும் அதே தூளில் ஏறி வந்து, சூடு தேவைப்படும் வினைக்குப் பயன்பட்டது. திடப்பொருளை நகர்த்தும் தேவையும் சூட்டைக் கடத்தும் தேவையும் அவர்களை அங்கே கொண்டுபோயின.

தேன்கூடுக்கு இரண்டுமே இல்லை. வினையூக்கி மாதக்கணக்கில் உழைக்கிறது, சூட்டை எடுக்க வேண்டியதும் இல்லை.

விலையைப் பாருங்கள். ஃப்ளூயிடைஸ்டு பெட்டில் வாயுவின் பெரும்பங்கு குமிழிகளாக ஏறும். குமிழிக்குள் வினையூக்கி மிகக் கொஞ்சம். குமிழிக்குள் இருக்கும் வாயு வெளியிலுள்ள அடர்ந்த பகுதிக்குக் கசிந்து வந்தால்தான் வினை. கலம் பெரிதாகும்போது குமிழியும் பெரிதாகும், இன்னும் வேகமாக ஏறும், கசிய நேரம் குறையும். 1950களில் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் இயற்கை வாயுவிலிருந்து பெட்ரோல் செய்ய இப்படிப் பெரிய ரியாக்டர்களைக் கட்டினார்கள். சிறு கலத்தில் கிடைத்த மாற்றம் பெரிய கலத்தில் கிடைக்கவில்லை. இன்று நாம் பேசும் அதே சிக்கல்தான், அளவுதான் வேறு.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

குமிழியை விட்டுவிட்டாலும், வாயு முழுக்கக் கலந்துவிடுவதால் வரும் இழப்பு தனி. வாயு வரிசையாக நகரும் கலத்தில் அந்தப் பெருக்கற்பலன் 3 இருந்தால் 95 சதவீதம். உள்ளே எல்லாம் கலந்த நிலையில் அதே 3க்கு 75 சதவீதம்தான். 95 வேண்டுமென்றால் 19 வேண்டும், அதாவது ஆறு மடங்குக்கும் மேலான வினையூக்கி. உண்மையான ஃப்ளூயிடைஸ்டு பெட் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், குமிழி நழுவலால் முழுக்கக் கலந்த நிலையைவிட மோசமாகவும் ஆகலாம்.

---

சல்லடை எழுதியது:

இன்னொன்று, எந்தத் தூளும் நன்றாக மிதக்கும் என்று நினைக்க வேண்டாம். டெரெக் கெல்டார்ட் 1973இல் தூள்களை நான்கு வகையாகப் பிரித்தார். மாவு போன்ற மிக நுண்ணிய தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்று அதில் பொந்து போட்டுக்கொண்டு போய்விடும். சுமார் 30 முதல் 100 மைக்ரான் வரையுள்ள லேசான தூள்தான் மெத்தென்று விரியும், எண்ணெய் உடைக்கும் வினையூக்கி அந்த வகை. மணல் போன்றது காற்று தூக்கத் தொடங்கியதுமே குமிழி விடும். 200 மைக்ரான் மணலை அறைச்சூட்டுக் காற்றில் தூக்க வினாடிக்கு 3 சென்டிமீட்டர்தான் வேண்டும். 3 மில்லிமீட்டர் உருண்டை கடைசி வகை. அதைத் தூக்க நிறையக் காற்று வேண்டும், அதுவும் அடித்தட்டில் தாரையாகப் புகுத்தினால்தான் ஊற்று மாதிரி எழும். அதோடு உருண்டைகள் மோதி மோதித் தேயும். விலையுயர்ந்த உலோகம் பூசிய வினையூக்கி தூசியாகப் போய்விடும்.

---

ஆவிக்குமிழ் எழுதியது:

புரிந்தது. நகர்த்தவும் சூட்டைக் கடத்தவும் தேவையிருந்தால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். நன்றி.

---

தேன்கூடு எழுதியது (4 நாள் கழித்து):

தெர்மோகப்பிள் வைத்தோம். எல்லாம் எரிந்தால் எங்கள் கணக்கில் 60 டிகிரி ஏற வேண்டும். சுவர்ப் பக்கம் 58, 57, 58. நடுவில் 19!

நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் எரிகிறது. ஐயா சொன்னபடியே. நாளை மறுநாள் நிறுத்தித் திறக்கப்போகிறோம்.

---

மூத்தபடுகை எழுதியது:

திறக்கும் முன் ஒரு வார்த்தை. கலத்துக்குள் யாரும் அவசரப்பட்டு இறங்க வேண்டாம். நைட்ரஜன் வால்வு ஏதாவது இணைந்திருந்தால் குழாயைக் கழற்றித் தட்டு போட்டு அடையுங்கள், வால்வை மூடினால் மட்டும் போதாது. உள்ளே ஆக்சிஜன் அளவையும் எரியும் ஆவியையும் அளந்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும், வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். நைட்ரஜன் நிறைந்த கலத்தில் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார், மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து விழுந்ததை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். இருவரும் பிழைக்கவில்லை. மேலிருந்து விளக்கு அடித்துப் படம் எடுத்தாலே குழி தெரிந்துவிடும்.

---

தேன்கூடு எழுதியது:

கண்டிப்பாக ஐயா. மேலிருந்தே பார்த்தோம்.

நடுவில் சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குழி. அடியில் 10 சென்டிமீட்டர்தான் வினையூக்கி மிச்சம். அள்ளியது முழுக்கச் சுவரோரம் வரப்பு போல ஏறியிருக்கிறது.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

உங்கள் குழியைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. குழி கலத்தின் பரப்பில் 11 சதவீதம். அங்கே தடுப்பு மூன்றில் ஒரு பங்கு என்பதால் வாயுவில் கால்வாசிக்கும் கொஞ்சம் மேல் அந்த வழியாகப் போகும். அதில் 31 சதவீதம் எரியும், அதாவது 19 டிகிரி! ஓரத்தில் 98 சதவீதம், 59 டிகிரி. மொத்தம் 80, நீங்கள் அளந்தது 82. அழுத்த வித்தியாசம் 510 பக்கம் வருகிறது, அளந்தது 520.

---

சல்லடை எழுதியது:

இனி சரிசெய்யும் வேலை. நாசிலுக்குக் கீழே தாரை நேராக இறங்காதபடி ஒரு மோதுதட்டு, முடிந்தால் பக்கவாட்டில் துளையிட்ட கூடை. படுகையின் மேல் 12 மில்லிமீட்டர் பீங்கான் உருண்டைகள் 10, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு. அவை கனமானவை, எளிதில் நகராது, வாயுவையும் பரப்பிவிடும். ஆனால் பீங்கானை மட்டும் நம்பித் தட்டை விட்டுவிட வேண்டாம்.

வினையூக்கியைத் திரும்ப நிரப்பும்போது துணிக்குழாய் வழியாக இறக்குங்கள், மேலிருந்து கொட்டினால் உடையும். ஒரே இடத்தில் கொட்டிக் கூம்பாகக் குவிய விட்டுப் பிறகு வாரிச் சமன் செய்யவும் வேண்டாம். கூம்பாகக் குவியும்போது தூளும் உடைந்ததும் நடுவில் தங்கும், முழு உருண்டை ஓரத்துக்கு உருளும். வெளியே மட்டம் சரியாகத் தெரியும், உள்ளே இடைவெளி விகிதம் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். 0.40 இருக்க வேண்டியது ஓரிடத்தில் 0.36 ஆனாலே அங்கே தடுப்பு ஒன்றரை மடங்கு. சுற்றிச் சுற்றிப் பரப்பிக்கொண்டே போங்கள். படுகையின் மேல் கால் வைக்க வேண்டியிருந்தால் பலகை போடுங்கள்.

---

நுண்துளை எழுதியது:

திறந்ததுதான் திறந்தீர்கள், உருண்டையின் அளவையும் யோசிக்கலாமே. உருண்டைக்குள் ஆவி பரவும் வேகத்தை வினாடிக்கு 1 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 3 மில்லிமீட்டர் உருண்டையின் வினைத்திறனில் சுமார் 36 சதவீதம்தான் பயன்படுகிறது. ஆவி நடுவை அடையும் முன்பே எரிந்துவிடுகிறது, உள்பகுதி சும்மா கிடக்கிறது. எர்னஸ்ட் தீலே 1939இலேயே கணக்கிட்டுக் காட்டிய விஷயம் இது. 1.5 மில்லிமீட்டர் ஆக்கினால் பயன் சுமார் 60 சதவீதம்.

---

மூத்தபடுகை எழுதியது:

கணக்கு சரி. ஆனால் அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் போகும், 30 சென்டிமீட்டருக்கு 2,180 பாஸ்கல். படுகையைச் சுமார் 18 சென்டிமீட்டராகக் குறைத்தாலும் 1,330. இப்போதிருக்கும் ப்ளோயர் தாங்குமா? அதோடு சிறிய உருண்டையை அந்தத் தாரை இன்னும் சுலபமாக அள்ளும். முதலில் ஓட்டத்தைச் சீராக்கட்டும்.

---

நுண்துளை எழுதியது:

இதில் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை ஐயா. படுகையின் தடுப்பு கூடினால் வாயு சமமாகப் பரவுவதும் கூடும். 670இல் 315 என்பது பாதி, 1,330இல் அது கால்பங்குதான். மோதுதட்டு வைத்த பிறகு சிறிய உருண்டை இரண்டு பக்கமும் நன்மைதான். ப்ளோயர் தாங்குமா என்பதே கேள்வி என்றால் அது சரியான கேள்வி. துளையிட்ட வளைய வடிவம் கிடைத்தால் அழுத்தம் ஏறாமலே உள்பயன் கூடும், அதையும் விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

---

தேன்கூடு எழுதியது (2 வாரம் கழித்து):

மோதுதட்டு, பீங்கான் உருண்டை, துணிக்குழாய் நிரப்பல் எல்லாம் செய்தோம். அதே 3 மில்லிமீட்டர்தான், ப்ளோயரில் கூடுதலாக 400 பாஸ்கல்தான் கையிருப்பு. ஓட்டி ஒன்பது நாள் ஆகிறது. மாற்றம் 94, இறங்கவில்லை. அழுத்தம் 690இல் நிற்கிறது. தெர்மோகப்பிள்கள் 57 முதல் 59 வரை, ஒன்று தவிர. சுவரோரம் வடக்குப் பக்கம் 49.

---

சல்லடை எழுதியது:

தாங்கு வலையும் சுவரும் சேரும் இடத்தில் கயிற்று கேஸ்கட் இருக்கிறதா? அந்தப் பக்கம் அது விலகியிருந்தால் உருண்டைகள் சந்து வழியாக மெல்லக் கீழே உதிர்ந்து சுவரோரம் வாயுவுக்கு வழி விடும். அடித்தலையின் வடிகாலைத் திறந்து பாருங்கள், உருண்டைகள் கிடக்கும்.

---

தேன்கூடு எழுதியது:

நீங்கள் சொன்னபின் வெளியேறும் குழாயின் வடிகட்டியைக் கழற்றினோம். ஒரு கைப்பிடி உருண்டைகள் இருந்தன, முழு உருண்டைகள், உடையாதவை. அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பக்கத்தை இறக்கிக் கேஸ்கட்டைப் பார்க்கிறோம். அதுவரை 49 இன்னும் இறங்குகிறதா என்று நாள்தோறும் குறித்து இங்கே போடுகிறேன்.